மேட்டு மனையும் வெள்ளிக்கிழமைச் சிலுவையும்

“உக்காரு அந்தோணி” என்றார் காரியக்காரர் ராமையா.

களத்துமேட்டில் புங்கமர நிழலில் ஒரு கயிற்றுக் கட்டில் கிடந்தது. ஒரு பக்கம் அவர் உட்கார்ந்துகொண்டு, மறுபக்கத்தைக் கையால் தட்டிக் காட்டினார். எங்கள் தெருக்காரன் எவனும் அதுவரை அந்தக் கட்டிலில் உட்கார்ந்ததில்லை. இடுப்பில் கட்டியிருந்த துண்டை அவிழ்ப்பதா, அப்படியே விடுவதா என்று தெரியாமல் நின்றேன்.

“அட, உக்காருப்பா. கட்டில் ஒண்ணும் கடிச்சிடாது.”

மிராசுதார் தஞ்சாவூரில் பங்களா கட்டிக்கொண்டு இருந்தார். அவருடைய நிலம், மாடு, களம், ஆட்கள் எல்லாவற்றையும் கவனித்தவர் இந்த ராமையாதான். ஆகவே எங்களுக்கு மிராசு என்றால் ராமையாவின் கறுப்புக் குடையும் அவருடைய குரலும்தான். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அந்தக் குரல் என்னை ‘டா’ போட்டுத்தான் கூப்பிட்டிருக்கிறது. அன்றைக்கு ‘ப்பா’ என்றது.

பிள்ளைகளே, போன வாரம் எங்கள் கல்யாணக் கதையை எழுதி, பந்தியில் சாம்பார் தீர்ந்துபோனதோடு நிறுத்தினேன். படித்துவிட்டுச் சின்னவன் போன் போட்டுச் சிரித்தான். இந்த வாரம் அவ்வளவு சிரிப்பு இருக்காது. ஆனால் நான் தலை நிமிர்ந்து எழுதுகிற கதை இது. உங்கள் அம்மாவைப் பற்றியது.

குடை காட்டிய இடம்

தாளடி நெல் முற்றித் தலை சாய்த்து நின்ற நேரம். ஆனால் வயலில் ஆள் இல்லை. விவசாயக் கூலிக்கு சர்க்கார் சட்டம் போட்டிருந்தது. அந்தச் சட்டம் சென்னையில் கிளம்பித் தஞ்சாவூர் வரைக்கும் வந்துவிட்டது. எங்கள் களத்துமேட்டுக்கு மட்டும் வந்து சேரவில்லை. பழைய அளவில்தான் நெல் அளப்பேன் என்றது மிராசு. சட்டப்படி அளந்தால்தான் அரிவாளைத் தொடுவோம் என்றது எங்கள் விவசாயத் தொழிலாளர் சங்கம்.

சங்கத்தில் எங்கள் மாதாகோயில் தெருவும் இருந்தது, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருந்த மாரியம்மன் கோயில் தெருவும் இருந்தது. இரண்டையும் மற்றவர்கள் சேரி என்றே சொல்வார்கள். அந்த ஒரு விஷயத்தில் எங்களுக்குள் வித்தியாசம் பார்த்ததில்லை. டீக்கடையில் ஆளும் கட்சியின் கறுப்பு சிவப்புக் கொடி பறந்தது. எங்கள் தெரு முனையில் செங்கொடி. அதற்குப் பின்னால் மண்சுவர்க் கோயிலின் உச்சியில் மரச் சிலுவை.

அறுப்புக்கு ஆள் கூட்டுகிற பொறுப்பு என்னிடம் இருந்தது. நான் அரிவாளை எடுத்தால் எங்கள் தெருவில் பாதிப் பேர் எடுப்பார்கள். அது ராமையாவுக்குத் தெரியும்.

நான் கட்டில் ஓரத்தில் ஒட்டியும் ஒட்டாமலும் உட்கார்ந்தேன். அவர் குடையை நீட்டிக் காட்டினார்.

“அந்த மேட்டப் பாத்தியா? அஞ்சாறு தென்னம்பிள்ள நிக்குதே.”

“பாத்திருக்கேங்க.”

“எவ்வளவு வெள்ளம் வந்தாலும் தண்ணி ஏறாத எடம். அத உன் பேருக்கு எழுதித் தரச் சொல்லிட்டாரு மிராசு. திருவிடைமருதூர் ரிஜிஸ்தர் ஆபீசு போயி ஒரே நாள்ல முடிச்சிடலாம். நாளன்னைக்குக் காலையில உங்க தெரு ஆளுங்களோட வயல்ல எறங்கு. வேற ஒண்ணும் செய்ய வேணாம்.”

“சங்கத்துல கேக்கணுமேங்க.”

“சங்கமா உன் பொண்டாட்டிக்குப் பிரசவம் பாக்கப் போவுது? மாசமா இருக்காளாமே. போன ஐப்பசியில உன் குடிசையில தண்ணி எவ்வளவு நின்னுச்சுன்னு எனக்குத் தெரியாதா?”

எல்லாம் விசாரித்து வைத்திருந்தார். எங்கள் குடிசை வடிகால் ஓரத்தில், பள்ளத்தில் இருந்தது. கல்யாணமாகி வந்த முதல் ஐப்பசியிலேயே உங்கள் அம்மா உரலின் மேல் உட்கார்ந்து கால் இரண்டையும் தூக்கி வைத்துக்கொண்டு பகல் முழுக்கக் கிடந்தாள். அடுப்பு மிதந்தது. அதெல்லாம் வந்த முதல் வருஷத்துச் சீர் என்று சொல்லிச் சிரித்தாள். சிரித்தாளே தவிர, அவளுக்கு அந்த ஈரம் எவ்வளவு பயம் என்பது எனக்குத் தெரியும்.

நண்டு வழக்கு

கொஞ்சம் விலகிப் போகிறேன். பசாசின் சோதனையைப் பற்றி எங்கள் உபதேசியார் சந்தியாகு சொல்வதை இங்கே சொல்லாமல் இருக்க முடியாது.

சுவாமியார் எங்கள் ஊருக்கு மாதத்தில் ஒரு தடவை வந்து பூசை வைப்பார். மற்ற நாளெல்லாம் செபம், ஞானோபதேசம், கல்யாணச் சண்டை, மாட்டுச் சண்டை எல்லாம் உபதேசியார் பொறுப்பு. ஒல்லியான ஆள். குரல் மட்டும் கோயில் மணியைவிடப் பெரிது.

“பசாசு கொம்போட வந்தா நாமளே அடிச்சுத் தொரத்திடுவோமே” என்பார். “அது நண்டு மாதிரிய்யா. வரப்ப ஒடைக்காது. விரல் அளவுக்கு ஒரு வளை வெக்கும். நீ பாத்தா வரப்பு நல்லாத்தான் இருக்கும். வயல்ல மட்டும் தண்ணி இருக்காது.”

ஒருநாள் கோயில் வாசலில் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தான் பக்கிரி. மாரியம்மன் கோயில் தெருக்காரன், எங்கள் ஊர்ச் சங்கத்தின் தலைவன், என் சிநேகிதன். “அவ்வளவுதானே உபதேசியாரே? நண்டப் புடிச்சு ரசம் வெச்சுட்டாப் போச்சு” என்றான்.

அதிலிருந்து ஒரு வழக்கு கிளம்பியது. ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தபசுகாலம்; அதில் வெள்ளிக்கிழமை எங்களுக்குச் சுத்தபோசனம். மாமிசம் கூடாது, மீன் ஆகும். நண்டு மீன் சாதியா, மாமிச சாதியா? தெரு இரண்டாகப் பிரிந்துவிட்டது. கால் இருக்கிறதே என்றது ஒரு கட்சி. தண்ணீரில்தானே இருக்கிறது என்றது மறு கட்சி. கடைசியில் சுவாமியாரிடம் கொண்டுபோனோம். அவர் சிரித்துவிட்டு, “நண்டு மேல இவ்வளவு ஆசையா இருக்கா? அப்ப அதத்தான் விடணும்” என்றார்.

எனக்குப் படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. தன்னை வெறுத்தல் என்று கோயிலில் பெரிதாகப் பேசுவதெல்லாம் அந்த நண்டுப் பதிலில்தான் எனக்குப் புரிந்தது. வேண்டாததை விடுவதற்குப் பெயர் ஒறுத்தல் இல்லை. நீங்கள் தபசுகாலத்தில் சினிமாவை விட்டோம் என்கிறீர்கள். நல்லதுதான். ஆனால் சீரியலை எடுத்துப் பார்த்துக்கொண்டால் கணக்கு நேராகிவிடுகிறதே.

இரண்டு பட்டினி

அந்தத் தபசுகாலம் விபூதிப் புதன் அன்றைக்கே எங்களுக்குக் கடினமாகத் தொடங்கியது. வேலை இல்லை. வேலை இல்லை என்றால் நெல் இல்லை. பானையில் இருந்ததைக் கஞ்சியாக்கி, கஞ்சியை நீராக்கிக் குடித்துக்கொண்டிருந்தோம். அதிலும் எங்கள் ஆட்கள் ஒருசந்தி பிடித்தார்கள். ஒரு வேளைதான் சாப்பாடு.

பக்கிரி தலையில் அடித்துக்கொண்டான்.

“ஏற்கெனவே பட்டினி. அதுல ஒருசந்தி வேறயா? ஒங்க சாமிக்கு எங்க ஊரு நெலவரம் யாரும் சொல்லலையா?”

“உனக்கு சங்கம் சொல்லிப் பட்டினி. எனக்கு சாமி சொல்லிப் பட்டினி” என்றேன்.

“வயித்துக்கு ரெண்டும் ஒண்ணுதான்டா.”

வயிற்றுக்கு ஒன்றுதான். மனசுக்கு அப்படி இல்லை. மிராசு எங்களைப் பட்டினி போட்டுப் பணிய வைக்கலாம் என்று நினைத்தது. நாங்கள் அதற்கு முன்பே ஒரு வேளையை நாங்களாகத் தள்ளி வைத்துவிட்டோம். மிராசு எடுக்க வந்தபோது அந்த வேளை அங்கே இல்லை. இதில் எங்கள் ஆட்களுக்கு ஒரு கர்வம்கூட இருந்தது. கர்வம் பாவம் என்பார் உபதேசியார். எங்கள் தெருவில் அது கொஞ்சம் இருந்தால் தப்பில்லை என்று அப்போதும் நினைத்தேன், இப்போதும் நினைக்கிறேன்.

ஆனால் ராமையா எங்கள் வயிற்றில் கை வைக்கவில்லை. கட்டிலைத் தட்டினார். ‘ப்பா’ என்றார். விரல் அளவு வளை.

கதவு எந்தப் பக்கம்

வீட்டுக்கு வந்து உங்கள் அம்மாவிடம் சொன்னேன். மசக்கையில் அவள் முகம் வாடிப் போயிருந்தது. வாயில் ஒரு துண்டுப் புளியை அடக்கிக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தாள். மேட்டு மனை என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“அந்தத் தென்னம்பிள்ள நிக்கிற எடமா?”

“அதுதான்.”

“எழுதியே குடுக்குறாங்களாமா?”

“எழுதியே.”

குடத்தை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். தண்ணீர் எடுக்க அந்தப் பக்கம் போக வேண்டிய வேலை இல்லை. நான் வாசலில் நின்று பார்த்தேன். மேட்டில் ஏறினாள். குடத்தை இறக்கி வைத்தாள். வெறுங்காலால் மண்ணை அழுத்திப் பார்த்தாள். ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு நடந்தாள். அடுப்புக்கு இடம் பார்த்திருப்பாள் என்று நினைக்கிறேன். வெகு நேரம் அங்கேயே நின்றாள்.

எனக்கு அதற்குள் பாதி மனசு முடிவாகியிருந்தது. கர்ப்பிணிப் பெண்ணுக்காகச் செய்தால் ஆண்டவர் என்ன கோபித்துக்கொள்ளவா போகிறார் என்று எனக்கு நானே ஞானோபதேசம் சொல்லிக்கொண்டிருந்தேன். சோதனைக்கு நல்ல காரணம் இல்லாமல் இருக்காது. வனாந்தரத்தில் பசித்திருந்த நம் ஆண்டவரிடமும் பசாசு முதலில் அப்பத்தைப் பற்றித்தானே பேசியது.

அவள் திரும்பி வந்து குடத்தை இறக்கினாள்.

“நல்ல எடங்க” என்றாள்.

“அப்ப?”

“அங்க குடிசை போட்டா கதவ எந்தப் பக்கம் வெப்பீங்க?”

“எந்தப் பக்கமா? தெருவப் பாத்துத்தான்.”

“அப்ப தெனமும் கதவத் தொறந்தா எல்லாரு மூஞ்சியும் தெரியும். பள்ளத்துல இருக்கிறவங்க எல்லாரும் தெரிவாங்க.” புளியை வெளியே எடுத்துத் தூர எறிந்தாள். “எனக்கு முடியாதுங்க. வேணாம்னு சொல்லிடுங்க.”

“தண்ணி வருமே புள்ள.”

“வரட்டும். வந்தா வடியும்.”

அதற்கப்புறம் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். தோள் குலுங்கியது. அழுதாள் என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டும். ஆசை இல்லாமல் வேண்டாம் என்றவள் இல்லை அவள். அந்த மண்ணைக் காலால் தொட்டுப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றவள்.

மறுநாள் களத்துமேட்டுக்குப் போனேன். கட்டிலுக்கு எட்டவே நின்று, “மன்னிச்சுக்குங்க, முடியாதுங்க” என்றேன்.

ராமையா குடையை மடக்கினார். “போடா” என்றார்.

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த ‘டா’வைக் கேட்டதும் எனக்கு மூச்சு சீரானது.

காரியக்காரரின் யோசனை

அதோடு சோதனை முடிந்தது என்று நினைத்தேன். அடுத்தது வேறு வேஷத்தில் வந்தது.

வெளியூர் ஆட்களை இறக்குவதென்று மிராசு முடிவு செய்தது. கிழக்கே ஒரு ஊரில் இப்படிக் கூலித் தகராறு குடிசைக்குள் ஆட்களை எரித்ததில் போய் முடிந்தது எல்லோர் மனசிலும் இருந்தது. அதனால் ராமையா ஒரு யோசனை பண்ணினார். தெற்கே வானம் பார்த்த பூமியில், மழை பொய்த்துப்போன கிறிஸ்தவ ஊர்களாகப் பார்த்து ஆள் பிடித்தார்.

“அவனுவளும் சிலுவை, இவனுவளும் சிலுவை. ஒருத்தன ஒருத்தன் வெட்டிக்க மாட்டானுவ” என்று டீக்கடையில் எல்லோருக்கும் கேட்கச் சொன்னாராம். தன் புத்தியை நினைத்து அவருக்கே பெருமை.

வெள்ளிக்கிழமை காலையில் லாரி வந்து நின்றது. பின்னாலேயே போலீஸ் வேன். அந்த ஆட்கள் இறங்கி, கட்டுச் சோற்றைப் புங்கமரத்தில் மாட்டிவிட்டு, நடு வயலில் அறுக்க ஆரம்பித்தார்கள். உழைக்கிறவன் கை அரிவாள் போடும் சத்தம் எனக்குத் தெரியும். எங்கள் தெரு வரைக்கும் கேட்டது. அது நாங்கள் நட்ட நெல்.

மத்தியானத்துக்கு மேல் பக்கிரி வந்தான். கண் சிவந்திருந்தது.

“அரிவாள எடுத்துக்கிட்டு வரச் சொல்லு. வரப்புல குறுக்க நிப்போம். ஒருத்தன் தாண்டட்டும், பாத்துக்கலாம்.”

“போலீசு நிக்குது.”

“நிக்கட்டும். நம்ம சோத்துல கைய வெக்கிறவன் எவனா இருந்தா என்னா?”

அவன் சொன்னது எனக்கு நியாயமாகவே பட்டது. என் கையும் அரிவாளைத் தேடியது. மேட்டு மனையின் ஆசை என்னைப் பிடித்தபோதாவது அது ஆசை என்று தெரிந்தது. இந்தக் கோபம் என்னைப் பிடித்தபோது அது நீதி மாதிரியே இருந்தது. எங்கள் ஆட்கள் பலர் அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டார்கள். நானும் செருகிக்கொண்டேன்.

அப்போதுதான் உபதேசியார் மணியடித்தார்.

யார் கையில் சிலுவை

எங்கள் கோயில் சின்னது. அதனால் தபசுகாலத்து வெள்ளிக்கிழமைகளில், ஆண்டவர் சிலுவை சுமந்து போனதை இடம் இடமாக நின்று தியானிக்கிற சிலுவைப்பாதையை வெளியில் செய்வது எங்கள் வழக்கம். வாய்க்கால் கரையில் தொடங்கி, வயல் வரப்புகளைச் சுற்றி, பதினாலு ஸ்தலத்துக்கும் பனைமட்டையில் சிலுவை செய்து நட்டு வைப்போம். வரப்பு மிராசுடையதுதான். மட்டைக் குச்சிகளை யாரும் இதுவரை தடுத்ததில்லை. வேலை நாளில் பொழுது சாயத்தான் நேரம் கிடைக்கும். அந்த வருஷம் வேலைநிறுத்தம் என்பதால், ஆண்டவர் உயிர்விட்ட மூன்று மணிக்கே செய்ய முடிந்தது.

முன்னால் ஒருவர் பெரிய மரச் சிலுவையைத் தூக்கிப் போக வேண்டும். ஒவ்வொரு ஸ்தலத்திலும் ஆள் மாறும். யார் தூக்குவது என்பதை உபதேசியார் சொல்வார். பலா மரத்தில் செய்தது. இரண்டு கையாலும் பிடித்தால்தான் நிற்கும்.

“அந்தோணி, நீ வா” என்றார்.

தூக்கினேன். இரண்டு கையும் போய்விட்டது. இடுப்பில் அரிவாள் இருக்கிறது, எடுக்கக் கை இல்லை. அடுத்த ஸ்தலத்தில் என்னைவிடக் கோபக்காரன் ஒருவனைக் கூப்பிட்டார். அதற்கடுத்து அவனைவிட மோசமானவன். அப்போதுதான் எனக்கு விளங்கியது, மனுஷன் பொறுக்கிப் பொறுக்கிக் கொடுக்கிறார் என்று.

வரப்பு ஓரத்தில் பக்கிரி தன் ஆட்களோடு நின்றிருந்தான். உபதேசியார் அவன் முன்னால் போய் நின்றார்.

“பக்கிரி, புடி.”

“யோவ், நான் ஒங்க சாமி கும்புடுறவன் இல்ல.”

“ஒன்ன யாரு கும்புடச் சொன்னா? தூக்கு.”

தூக்கினான். என்ன நினைத்துத் தூக்கினானோ தெரியாது. மாரியம்மன் கோயில் தெருவே அவன் பின்னால் நடந்து வந்தது.

பெண்கள் பாடிக்கொண்டு வந்தார்கள். உங்கள் அம்மாவுக்கு மசக்கை. ஒருசந்தியும் வேண்டாம், நடக்கவும் வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். திரும்பிப் பார்த்தால் முன்வரிசையில் வருகிறாள். வரப்பில் ஒரு பக்கம் குனிந்து வாந்தி எடுத்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து பாட்டைப் பிடித்தாள்.

அறுப்பு நடந்த வயலின் ஓரத்துக்கு வந்தோம். அங்கே ஒரு ஸ்தலம், ஆண்டவர் மூன்றாம் முறை கீழே விழுகிற இடம். உபதேசியார் செபத்தைச் சொன்னார். நாங்கள் எல்லோரும் முழந்தாளிட்டோம். முழங்காலின் கீழ் காய்ந்த வரப்பு மண் குத்தியது. எழுந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியவில்லை. என் இடுப்பில் இன்னும் அரிவாள் இருந்தது.

அறுப்புச் சத்தம் நின்றது.

தலையைத் தூக்கிப் பார்த்தேன். நெல்லுக்குள் நின்ற அந்த வெளியூர்ப் பெண்களில் ஒருத்தி தலையில் முக்காடு போட்டாள். பக்கத்தில் இருந்தவள் போட்டாள். ஒரு ஆள் தலைப்பாகையை எடுத்தான். ஒவ்வொருவராக, அறுத்துப் போட்ட நெல் அரியின் மேலேயே முழந்தாளிட்டார்கள். வயல் முழுக்க. நாங்கள் செபத்தில் பாதி சொன்னால் மறுபாதி நெல்லுக்குள்ளிருந்து வந்தது. அவர்கள் ராகம் கொஞ்சம் வேறு. செபம் ஒன்றுதான்.

ராமையா குடையை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தார்.

“எந்திரிங்கடா! சாமி கும்புடுறதுக்கா லாரி வெச்சுக் கூட்டியாந்தேன்?”

அவர்களில் பெரியவராக இருந்தவர் செபம் முடிகிற வரைக்கும் எழுந்திருக்கவில்லை. முடித்து, சிலுவை வரைந்துகொண்டு எழுந்தார். ராமையாவை விட்டுவிட்டு என்னிடம் கேட்டார்.

“நீங்க உள்ளூர்க்காரவுகதானே தம்பி? உள்ளூர்ல ஆளு இல்லேன்னுல்ல எங்களக் கூட்டியாந்தாக?”

“இத்தன பேரு இருக்கோம். கூலிக்காக நிறுத்தி வெச்சிருக்கோம்.”

“நெல்ல நட்டது?”

“நாங்கதான்.”

அவர் தம் ஆட்களைத் திரும்பிப் பார்த்தார். அவர்கள் முகங்களில் இருந்த பசி எங்கள் பசியைவிடப் பழையது. அதை நான் சொல்லியே ஆகவேண்டும். எங்களுக்காவது வாய்க்காலில் தண்ணீர் ஓடியது.

“ஐயா, எங்களக் கொண்டுபோயி விட்டுருங்க” என்றார் ராமையாவிடம். “அறுத்த வரைக்கும் கூலி வேணாம்.”

“கூலி வேணாமா? பட்டினி கெடந்து சாவப் போறீங்கடா!”

“அது எங்க ஊர்லயே நடக்கட்டும்யா.”

போலீஸ்காரர்கள் வேனில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். முழந்தாளிட்டிருப்பவனை என்ன செய்வது என்று அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை போலும்.

பிள்ளைகளே, ஆவிக்குரிய போராட்டம் என்று இப்போது மைக் வைத்துப் பிரசங்கம் பண்ணுகிறார்கள். பசாசை விரட்டுகிறோம் என்று கத்துகிறார்கள். நான் என் கண்ணால் பார்த்த போராட்டம் அதுதான். இரண்டு பக்கத்திலும் அரிவாள் இருந்தது. இரண்டு பக்கத்திலும் பசி இருந்தது. ஒரு துளி ரத்தம் மண்ணில் விழவில்லை. ராமையா சொன்னது பலித்தது, ஒருத்தரை ஒருத்தர் வெட்டிக்கொள்ளவில்லை. சிலுவைக்காரன் வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு என்ன செய்வான் என்பதை மட்டும் அவர் யோசிக்க மறந்துவிட்டார்.

லாரி திரும்பி வர நேரமாயிற்று. அதுவரை அவர்களைக் கோயிலில் உட்கார வைத்து, எங்கள் தெருப் பெண்கள் அன்றைய ஒருசந்திக் கஞ்சியை ஊற்றினார்கள். எங்களுக்கு அன்று அந்த ஒரு வேளையும் இல்லை. மாரியம்மன் கோயில் தெருவிலிருந்து பக்கிரியின் மனைவி ஒரு சட்டி நிறைய நண்டு ரசம் கொண்டுவந்தாள். வெளியூர்க்காரர்கள் சட்டியைப் பார்த்தார்கள், உபதேசியாரைப் பார்த்தார்கள்.

“குடிங்க, குடிங்க. தீர்ப்பெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்” என்றார் அவர்.

ஐப்பசி

நெல் உதிர ஆரம்பித்ததும் மிராசு இறங்கி வந்தது. சட்டப்படி அளந்தார்கள். எங்கள் களத்துமேட்டுக்கும் சட்டம் ஒருவழியாக வந்து சேர்ந்தது. பின்னால் குடியிருக்கிற மனை குடியிருப்பவனுக்கே என்று இன்னொரு சட்டமும் வந்தது. எங்கள் பள்ளம் எங்கள் பெயருக்கு ஆனது. பள்ளம்தான், ஆனாலும் எங்கள் பள்ளம்.

ஆனால் அதற்கெல்லாம் முன்னால் ஐப்பசி வந்தது.

பொய் சொல்ல மாட்டேன். நாம் சரியாக நடந்துகொண்டோம், ஆகவே ஆண்டவர் மழையைத் தடுத்துவிடுவார் என்று எனக்கு உள்ளூர ஒரு நம்பிக்கை இருந்தது. தடுக்கவில்லை. மற்ற வருஷங்களைவிட அதிகமாகப் பெய்தது. வடிகால் நிரம்பி, காலையிலேயே தண்ணீர் குடிசைக்குள் வந்தது. மத்தியானம் உங்கள் அம்மாவுக்கு வலி எடுத்தது.

குடிசைக்கதவைக் கழற்றினேன். மூங்கில் தட்டிக் கதவு. அதன் மேல் சாக்கை விரித்து அவளைப் படுக்க வைத்தோம். முன்னால் நானும் உபதேசியாரும், பின்னால் பக்கிரியும் அவன் தம்பியும். இடுப்பளவுத் தண்ணீரில் கோயிலை நோக்கி நடந்தோம். கோயில் தரையை மண் கொட்டி உயர்த்தியிருந்ததால் அங்கே மட்டும் தண்ணீர் ஏறவில்லை. மழை முகத்தில் அடித்தது. பக்கிரி மாரியாத்தாளைக் கூப்பிட்டான், உபதேசியார் மாதாவைக் கூப்பிட்டார். யாரும் யாரையும் தடுக்கவில்லை.

வழியில் அந்த மேடு வந்தது.

சுற்றிலும் தண்ணீர். மேடு மட்டும் காய்ந்து நின்றது. மிராசு அதன் மேல் ஒரு கொட்டகை போட்டு மாடுகளைக் கட்டியிருந்தது. அவை எங்களைப் பார்த்து நின்று அசைபோட்டன.

அவள் பார்க்கக் கூடாது என்று என் உடம்பால் மறைக்கப் பார்த்தேன். ஆனால் அவள் தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டாள். வலி ஒன்று வந்து போனது. கதவின் விளிம்பைப் பிடித்திருந்த கை தளர்ந்தது.

“என்னங்க.”

“என்ன புள்ள?”

“மாடுங்களாச்சும் நனையாம நிக்குதே” என்றாள்.

சொல்லிவிட்டுச் சிரித்தாள். பின்னால் பக்கிரி சிரிக்க ஆரம்பித்து, கதவு ஒரு பக்கமாகச் சாய்ந்து, “மெதுவாய்யா, மெதுவாய்யா” என்று உபதேசியார் கத்த, நாங்கள் நாலு பேரும் தண்ணீரில் நின்று சிரித்தோம். அவள் அடுத்த வலிக்குப் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

உங்கள் அக்கா அன்று பொழுது சாய்வதற்குள் பீடத்துக்குப் பக்கத்தில், காய்ந்த தரையில் பிறந்தாள்.